ஜோன்சனைக் கண்டால் ஏன் அவ்வளவு எரிச்சல்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் கென் பர்ன்ஸ் எடுத்த 'அன்ஃபர்கிவபிள் பிளாக்னெஸ்' என்ற ஆவணப்படத்தைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன், குத்துச்சண்டையில் ஆக எடை கூடிய பிரிவான ஹெவிவெயிட்டின் உலகப் பட்டத்தை முதன்முதலில் வென்ற கறுப்பினத்தவரான ஜாக் ஜோன்சனின் கதை. இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அதைப் பற்றித்தான். சினிமாக் கிசுகிசு கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கறுப்பினச் சம்பியன் என்றால் எங்களுக்கு முகமது அலிதான். இந்த ஜோன்சன் ஆர்? – வாசகர், கல்லடி

அலி பிறந்தது 1942இல். ஜோன்சன் பட்டம் வென்றது 1908இல், அவ்வளவு முந்திய ஆள். டெக்சாஸ் மாநிலத்துக் கால்வெஸ்டன் என்ற துறைமுக ஊரில் 1878இல் பிறந்தார், தாயும் தகப்பனும் அடிமைகளாக இருந்து விடுதலையானவர்கள். அந்தக் காலத்தில் எடை குறைந்த பிரிவுகளில் கறுப்பினத்தவர் பட்டம் வெல்வதைப் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டார்கள். ஹெவிவெயிட் அப்படியில்லை, அந்தப் பட்டத்தை வைத்திருப்பவன்தான் உலகத்திலேயே பலசாலி என்று பேர், அதை ஒரு கறுப்பரிடம் கொடுக்க ஆருக்கும் மனம் வரவில்லை. ஜிம் ஜெஃப்ரிஸ் என்ற சம்பியன் கறுப்பரோடு பட்டத்துக்கு மோத மாட்டேன் என்று சொல்லியே காலத்தை ஓட்டி, தோல்வியே இல்லாமல் ஓய்வும் பெற்றுவிட்டார். மறுகா சம்பியனாக வந்த டொமி பர்ன்ஸை ஜோன்சன் இங்கிலாந்து, அவுஸ்திரேலியா என்று துரத்திப் போனார். பர்ன்ஸ் தனக்கு 30,000 டொலர் தந்தால் மோதலாம் என்றார், தந்தார்கள், சண்டை சிட்னியில். ஜோன்சனுக்குக் கிடைத்தது 5,000. அவர் அதற்கும் சரி என்றார், சண்டை கிடைத்தால் போதும் என்ற நிலைமை.

பென் ட்ரைவில் ஏற்றித்தான் பார்த்தேன். சிட்னிச் சண்டை முடியிற இடத்தில் காட்சி சட்டென்று அறுந்துபோகிறதே, என் பிரதியில் பிழையா? – வாசகர், அக்கரைப்பற்று

பிரதியில் பிழையில்லை தம்பி. 14ஆவது சுற்றில் பர்ன்ஸ் ஆடிப்போனதும் பொலிசார் மேடைக்கு வந்து சண்டையை நிறுத்தினார்கள், கூடவே கமெராவையும் நிறுத்தச் சொன்னார்கள். வெள்ளைக்காரச் சம்பியன் கறுப்பனின் காலடியில் கிடப்பது படத்தில் பதியக்கூடாது, அவ்வளவுதான் காரணம். அந்த நாள் 1908 டிசம்பர் 26. அந்தத் தேதி என்றால் நமக்கு வேறு ஞாபகம் வரும், தெரியும். இந்தப் படம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் முதலில் போனது 2005 ஜனவரியில். அப்போது சுனாமி அடித்த இந்தக் கரையில் எத்தனை பேர் கூடாரத்துக்குள் இருந்தோம், எவன் குத்துச்சண்டைப் படம் பார்த்தான். அதனால்தான் இவ்வளவு பிந்தி இப்போது பேசுகிறோம்.

அறுந்த இடத்தை விடுங்கள், அதற்கு முன்னால் உள்ளதைத் திரும்ப ஒருமுறை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். ஜோன்சன் பாய்ந்து பாய்ந்து அடிக்கிறவர் இல்லை. இடது கையை முன்னால் நீட்டி, உள்ளங்கையை விரித்து, எதிராளியின் குத்து கிளம்புகிற இடத்திலேயே அவன் புஜத்தில் கையை வைத்து அமத்திவிடுவார். அடி பாதி வழியிலேயே செத்துப்போகும். அந்த நேரத்தில் வாய் சும்மா இருக்காது, எதிராளியோடு பேசுவார், கூட்டத்தில் கூவுகிறவனுக்குத் திரும்பிப் பதில் சொல்லுவார், தங்கப் பல் தெரியச் சிரிப்பார். தோற்றது கூட வெள்ளையர்களுக்குப் பெரிதாக இல்லை, அந்தச் சிரிப்புத்தான் எரிந்தது என்று எனக்குப் படுகிறது.

1910 ஜூலை 4, அமெரிக்காவின் சுதந்திர தினத்தில், நெவாடாவின் ரீனோ நகரில் ஜெஃப்ரிஸைத் திரும்பக் கூட்டி வந்து மேடையேற்றினார்கள். தோட்டம் செய்துகொண்டு கொழுத்துக் கிடந்த மனிதர், நாற்பது கிலோவுக்கு மேல் இறக்கி வந்தார், வெள்ளையர்களின் மானத்தைக் காப்பாற்ற என்று. 45 சுற்றுச் சண்டை 15ஆவது சுற்றில் முடிந்தது. வாழ்க்கையில் ஒருமுறையும் விழாத ஜெஃப்ரிஸ் அன்றைக்கு விழுந்தார். தந்தியில் செய்தி போன ஊரெல்லாம் கறுப்பின மக்களைத் தேடித் தேடி அடித்தார்கள், பலர் செத்தார்கள். சண்டைப் படத்தை ஊருக்கு ஊர் தடைசெய்தார்கள், 1912இல் குத்துச்சண்டைப் படச்சுருளை ஒரு மாநிலத்தில் இருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று சட்டமே போட்டார்கள். அது 1940 வரை இருந்தது. உங்கள் பென் ட்ரைவ் அந்தக் காலத்தில் என்றால் உள்ளே போயிருப்பீர்கள்.

அவர் திறந்துவிட்ட கதவால் எத்தனை கறுப்பின வீரர்கள் வந்தார்கள்? – வாசகர், பொத்துவில்

22 வருடத்துக்கு ஒருவரும் வரவில்லை. 1915இல் ஹவானாவில் ஜெஸ் வில்லர்டிடம் 26ஆவது சுற்றில் ஜோன்சன் தோற்றார், அதோடு கதவைச் சாத்திவிட்டார்கள். அடுத்தவர் ஜோ லூயிஸ், 1937. அவருடைய மனேஜர்மார் அவருக்குப் படிப்பித்த பாடங்களைக் கேட்டால் சிரிப்பும் வரும், ஆத்திரமும் வரும்: வெள்ளைக்காரப் பெண்ணோடு படம் எடுக்காதே, விழுந்தவனைப் பார்த்துச் சிரிக்காதே. ஜோன்சன் செய்த ஒவ்வொன்றையும் செய்யாதே என்பதுதான் அந்தப் பாடம்.

ஆனால் சாத்தினவர்கள் வெள்ளையர் மட்டும் இல்லை. சாம் லாங்ஃபோர்ட், ஜோ ஜெனட் என்று அருமையான கறுப்பின வீரர்கள் வரிசையில் நின்றார்கள், ஜோன்சன் சம்பியனாக இருந்த காலத்தில் அவர்களுக்கு ஒரு வாய்ப்பும் கொடுக்கவில்லை. பட்டத்துக்காக அவர் ஒரேயொரு கறுப்பரோடுதான் மோதினார், 1913இல் பாரிசில். தன்னை ஓடவிட்டது போல அவரும் அவர்களை ஓடவிட்டார்.

பெண்சாதிக்கு அடித்த மனிதனை வீரன் என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? – வாசகி, கல்முனை

வீரன் என்று எழுதியது மேடையைப் பற்றி. வீட்டைப் பற்றி அப்படி எழுதவும் மாட்டேன். எட்டா டுரியா என்ற பெண்ணை 1911இல் கட்டினார், கட்டும் முன்னமே அவளை ஆஸ்பத்திரியில் கிடக்கும்படி அடித்தவர். 1912 செப்டம்பரில் அவள் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். மூன்று மாதத்தில் மனிதர் அடுத்த கலியாணம். படம் இதை மறைக்கவில்லை, நியாயப்படுத்தவும் இல்லை, அதனால்தான் அந்தப் படத்தில் எனக்கு நம்பிக்கை.

ஆனால் வாசகி, இதையும் யோசியுங்கள். அவரைச் சிறைக்கு அனுப்பிய வழக்கு எட்டாவுக்காகப் போட்டதில்லை. அடித்ததற்கு எந்த அரசாங்கமும் அவர் மேல் கை வைக்கவில்லை. விபசாரத்துக்காகப் பெண்களை மாநிலம் விட்டு மாநிலம் கடத்துவதைத் தடுக்க 1910இல் கொண்டுவந்த மான் சட்டத்தில்தான் பிடித்தார்கள். முதலில் லூசில் கமரன் என்ற வெள்ளைக்காரப் பெண்ணைச் சாட்சியாக்கப் பார்த்தார்கள், அவள் முடியாது என்று சொல்லி, பிறகு அவரையே கட்டிக்கொண்டாள். விட்டார்களா? அவரோடு முன்பு இருந்த இன்னொருத்தியைத் தேடிப் பிடித்தார்கள், முழுக்க வெள்ளையர்களே இருந்த ஜூரி 1913இல் குற்றவாளி என்றது, ஒரு வருடமும் ஒரு நாளும் தண்டனை. அந்தப் பெண்கள் விரும்பி அவரோடு இருந்தார்கள் என்பதுதான் அங்கே குற்றம். உண்மையில் அடிபட்டவளுக்காக ஒரு காகிதம் கூட எழுதப்படவில்லை. உங்கள் கோபம் சரி, அதில் பாதியை அந்த நீதிமன்றத்துக்கும் வையுங்கள்.

அலிக்கும் இவருக்கும் ஏதும் தொடர்பு உண்டா? வாப்பா அலி என்றால் உயிர். – வாசகர், காத்தான்குடி

நேரில் இல்லை, ஜோன்சன் 1946இல் கார் விபத்தில் இறந்தபோது அலிக்கு நாலு வயது. ஆனால் 1967இல் வியட்நாம் போருக்குப் போக மறுத்து, பட்டத்தையும் பறிகொடுத்து அலி சும்மா இருந்த காலத்தில், ஜோன்சனின் கதையை வைத்து நடந்த மேடை நாடகத்தைப் பார்த்துவிட்டு இது என் கதைதான் என்று சொல்லித் திரிந்தார். வாப்பாவையும் பக்கத்தில் இருத்திப் பாருங்கள், மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும், இரண்டு பாகம், ஒரு நாளைக்கு ஒன்று போதும்.

படம் பார்த்த மகன் குத்துச்சண்டை பழக வேணும் என்று நிற்கிறான். விடலாமா? – தாய், திருக்கோவில்

பழக்குகிறவர் யார் என்று பார்த்து விடுங்கள். பாடசாலைகளுக்கான ஸ்டப்ஸ் கேடயக் குத்துச்சண்டைப் போட்டி நூறு வருடத்துக்கு முன்பே இந்த நாட்டில் தொடங்கியது, புதுச் சங்கதி இல்லை. ஆனால் தலைக்கவசம் போட்டால் பயமில்லை என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள், அது முகம் வெடிப்பதைக் குறைக்கும், மூளை அதிர்வதைத் தடுக்காது. கயிறடியும் ஓட்டமும் ஆறு மாதம் செய்யட்டும், அதற்குள் பாதிப் பையன்களுக்கு ஆசை போய்விடும்.

செத்து எழுபது வருடம் கழித்து மன்னிப்பு என்ன கறுமத்துக்கு? – வாசகர், வாழைச்சேனை

ஜோன்சன் தீர்ப்புக்குப் பிறகு வெளிநாட்டுக்கு ஓடி, 1920இல் தானாகத் திரும்பி வந்து சிறையில் இருந்து தண்டனையை அனுபவித்தவர், ஆகவே அவருக்கு அதனால் ஒரு சதத்துக்கும் பிரயோசனமில்லை. இந்தப் படம் எடுத்த கென் பர்ன்ஸ், செனட்டர் மக்கெய்ன் போன்றவர்கள் அவருக்கு ஜனாதிபதி மன்னிப்புக் கொடுங்கள் என்று 2004இலேயே கேட்டார்கள். புஷ் கொடுக்கவில்லை, கறுப்பின ஜனாதிபதி ஒபாமாவும் கொடுக்கவில்லை, கடைசியில் 2018 மே மாதம் கையெழுத்துப் போட்டது டிரம்ப். அதைக் கேட்டிருந்தால் அந்த மனிதர் எப்படிச் சிரித்திருப்பார் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.