வாசகர் கேள்வி பதில்: வழக்கில்லாத மன்றத்துக்கு வழக்கு தேடித் தந்தவர்

கேள்வி: தஞ்சோங் பகார் முதலிய ரயில் நிலங்களின் மேம்பாட்டுக் கட்டணம் குறித்துச் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் இடையே எழுந்த வழக்கு, நாடுகளுக்கிடையேயான தகராறுகளைத் தீர்க்க உதவும் ஹேக் நகர நிரந்தர நடுவர் மன்றத்தின் ஏற்பாட்டில் 2014இல் முடிவுக்கு வந்தது. அந்த மன்றம் நிலைபெறப் பிரெஞ்சுத் தூதரக அதிகாரி ஒருவர் காரணம் என்கிறார்களே, அவர் யார்? (ஒரு வாசகர், ஈசூன்)

பதில்: அவர் போல் தெஸ்தூர்னெல் த கொன்ஸ்தான். 1852இல் லா ஃபிளெஷ் என்ற ஊரில் பிறந்து, 1876இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்து, மொண்டெனேக்ரோ, துருக்கி, துனிசியா எனப் பல நாடுகளில் பணியாற்றிய பின் லண்டன் தூதரகத்தில் பொறுப்பேற்றார்.

1893 ஜூலையில் பிரெஞ்சுப் போர்ப் படகுகள் இரண்டு, சயாமிய (இன்றைய தாய்லாந்து) கோட்டையின் பீரங்கிகளை மீறிச் சாவ் பிரயா ஆற்றில் நுழைந்து பேங்காக்கை அடைந்தபோது, பர்மாவையும் மலாயாவையும் தன் பிடியில் வைத்திருந்த பிரிட்டன் சும்மா இருக்கவில்லை. இரு வல்லரசுகளும் மோதிக்கொள்ளாமல் காத்ததில் இவருக்குப் பங்குண்டு. ஆனால் அந்தச் சமாதானத்துக்கு விலை கொடுத்தது சயாம்தான்; மேக்கோங் ஆற்றின் இடக்கரை அவ்வாண்டு அக்டோபரிலேயே பிரான்சின் வசமானது.

மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருக்கும் தூதரக அதிகாரியால் பெரிதாக எதுவும் சாதிக்க முடியாது என்று கருதிய அவர், 1895இல் பதவியைத் துறந்து, சார்த் மாவட்டத்திலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். 1904 முதல் இறக்கும்வரை செனட்டராக இருந்தார்.

1899ஆம் ஆண்டு ஹேக் மாநாட்டில் பிரான்சின் பேராளர்களுள் அவரும் ஒருவர். நடுவர் மன்றத்தை அமைத்த அம்மாநாட்டுக்குப் பின், எந்த நாடும் அங்கே வழக்கைக் கொண்டு செல்லவில்லை. 1902இல் வாஷிங்டன் சென்ற அவர், அமெரிக்காவே முன்மாதிரியாக இருக்க வேண்டுமென்று அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டிடம் வாதாடினார். கலிஃபோர்னியக் கத்தோலிக்கத் திருச்சபைக்கு மெக்சிகோ தர வேண்டிய அறநிதி வட்டி பற்றிய பழைய தகராறு ஒன்று கைவசம் இருந்தது. அதுவே மன்றத்தின் முதல் வழக்காகி, அவ்வாண்டு அக்டோபர் 14ஆம் தேதி மெக்சிகோவுக்கு எதிராகத் தீர்ப்பானது. போர் மூளும் அளவுக்குப் பெரிய பிணக்கு அன்று. என்னைக் கேட்டால், தொடங்கி வைக்க அதுவே பொருத்தமான வழக்கு.

1909இல் பெல்ஜியத்தின் ஒகுஸ்த் பெர்னார்ட்டுடன் அமைதிக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஐந்தே ஆண்டுகளில் உலகப் போர் வெடித்தபோது தம் மாளிகையை மருத்துவமனையாக்கினார். 1924இல் பாரிஸில் காலமானார்.