மனநோய் மாத்திரையால் ஏறிய எடையை ஆன்லைன் உதவியோடு குறைக்க முடியுமா?

கேள்வி: தம்பிக்கு 27 வயது, ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்). ஒலான்சபைன் தொடங்கி 6 மாதத்தில் 68 கிலோவிலிருந்து 82 ஆகிவிட்டான். கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். வாரா வாரம் டவுனுக்குக் கூட்டிப்போக ஆளில்லை. ஆன்லைன் எடைக்குறைப்பு உதவி இவனுக்குப் பலன் தருமா?

பதில்:

தரும். ஆனால் வாரத்துக்கு ஒருமுறை கூப்பிட்டுப் பேச ஓர் ஆள் கட்டாயம் வேண்டும். போனில் ஆப்பை ஏற்றிக் கொடுத்துவிட்டு ஒதுங்கினால், கொஞ்ச நாளில் அவர் அதைத் திறப்பதையே விட்டுவிடுவார்.

இதைத் தொட்டுப் பார்த்த ஆய்வுகள் உண்டு. அமெரிக்காவில் தீவிர மனநோய் உள்ள 276 முன்னாள் படைவீரர்களை வைத்துச் செய்த ஆய்வு 2017-ல் வெளியானது. இணையப் பாடங்களோடு, மனநோயை அனுபவித்துத் தேறிய ஒருவர் வாரந்தோறும் போனில் பேசினார். உடல்பருமன் இருந்தவர்களுக்கு 6 மாதத்தில் எடை கொஞ்சம் இறங்கியது. நேரில் வகுப்புக்கு வரச் சொன்ன குழுவில் அந்த மாற்றம் தெரியவில்லை. 2013-ல் வந்த இன்னோர் ஆய்வில், நேரடி வகுப்பும் உடற்பயிற்சியும் 18 மாதம் விடாமல் நடந்ததில், மற்றவர்களைவிடச் சராசரியாக 3.2 கிலோ கூடுதலாகக் குறைந்தது. பிரிட்டனில் நாலு வார வகுப்பும் இடையிடையே போனுமாக நடத்திய ஆய்வில் (2018, 414 பேர்) ஓராண்டு முடிவில் வித்தியாசமே இல்லை. ஆகவே மூன்று மாதத்தில் 15 கிலோ என்று விளம்பரம் செய்பவரிடம் பணத்தைக் கட்டாதீர்கள். 82 கிலோவுக்கு 6 மாதத்தில் 4 கிலோ இறங்கினால் நல்ல பலன். முதல் இரண்டு மாதம் ஏற்றம் நின்றாலே அதுவும் பலன்தான்.

தொடங்கும் முன் மருந்துச் சீட்டைப் பாருங்கள். அதிகம் எடை ஏற்றுபவை குளோசபைனும் ஒலான்சபைனும். குயெட்டியாபைன், ரிஸ்பெரிடோன் நடுத்தரம். அரிப்பிபிரசோல், லுராசிடோன் குறைவு. சோடியம் வால்ப்ரோயேட், லித்தியம், மிர்டசாபைன் ஆகியவையும் ஏற்றும். ஒலான்சபைன் போன்ற மருந்துகள் மூளையில் ஹிஸ்டமின், செரட்டோனின் ஏற்பிகளை அடைப்பதால் வயிறு நிறைந்த உணர்வு வருவதில்லை. அது நிஜப் பசி. வீட்டார் அதைத் 'தின்னிப் பழக்கம்' என்று திட்டுவதால் ஒளித்துத் தின்பதுதான் கூடும்.

மருந்தை நீங்களாக நிறுத்தவோ பாதியாக்கவோ கூடாது. மருத்துவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எடை ஏற்றாத மருந்துக்கு மாற்றலாமா, மாற்றினால் நோய் திரும்பும் அபாயம் எவ்வளவு, மெட்ஃபார்மின் (சர்க்கரை நோய்க்குத் தரும் மாத்திரை) சேர்க்கலாமா. மெட்ஃபார்மினைப் பொதுவாக 500 மில்லிகிராமில், சாப்பாட்டோடு தொடங்கிப் படிப்படியாக ஏற்றுவார்கள். சராசரியாக 3 கிலோ அளவுக்கு உதவும். முதல் வாரங்களில் வயிறு இளகும். சிறுநீரகப் பரிசோதனையும் பி12 அளவும் பார்க்க வேண்டும். குளோசபைனில் இருப்பவருக்குப் பெரும்பாலும் மற்ற மருந்துகள் கேட்காமல்தான் அது வந்திருக்கும். அங்கே மாற்றும் பேச்சு எளிதல்ல.

ரத்தச் சோதனையை வீடியோ காலில் செய்ய முடியாது. வெறும் வயிற்றுச் சர்க்கரையும் கொழுப்பும் தொடக்கத்திலும் 12-ம் வாரத்திலும், பிறகு ஆண்டுக்கொரு முறையும் பாருங்கள். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் அபாயம், கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே டேப்பை வைக்க வேண்டும். பெரிய மருத்துவருக்கு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பிரஷர், சுகர் பார்க்க 'மக்களைத் தேடி மருத்துவம்' ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள். எல்லைக்கு அந்தப்பக்கம் திருவனந்தபுரத்தில் மருந்து எழுதி, இந்தப்பக்கம் சுகர் பார்ப்பவர்கள் நம் பகுதியில் நிறைய. இரண்டு மருத்துவருக்கும் மற்றவர் எழுதியது தெரியாது. எல்லா மாத்திரை அட்டையையும் ஒரே போட்டோவாக எடுத்துப் போனில் வைத்து, போகிற இடமெல்லாம் காட்டுங்கள்.

இனி வாராந்தர அழைப்பு. ஒரே நாள், ஒரே நேரம், 15 நிமிடம், பேசுபவரும் ஒரே ஆள். உணவியல் நிபுணராக இருந்தால் நல்லது; இல்லையென்றால் பொறுமையுள்ள அக்காவோ மாமாவோ போதும். மாலை 4 மணிக்கு வையுங்கள், காலையில் மாத்திரை மயக்கம் தெளிந்திருக்காது. வாரம் ஒருநாள், கழிவறை போய்வந்து சாப்பிடும் முன், அதே எடைமெஷினில் நின்று எண்ணைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தினமும் எடை பார்த்தால் தண்ணீர் ஏற்ற இறக்கமே அரைக்கிலோ, ஒருகிலோ காட்டி மனத்தை உடைக்கும். ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு மாற்றம். இந்நோயில் கவனமும் ஞாபகமும் தளர்வது சகஜம், ஐந்து விதி சொன்னால் ஒன்றும் நிற்காது.

ஆப் தேர்வில் பலரும் யோசிக்காத ஒன்று: யாரோ தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்ற பயம் உள்ளவரிடம் லொகேஷனும் கேமராவும் கேட்கிற ஆப்பைக் கொடுத்தால் பயத்துக்குத் தீனி போட்டதாகிவிடும். நோட்டுப் புத்தகமும் வாரம் ஒரு போட்டோவும் மேல். நூறு பேர் கொண்ட 'வெயிட்லாஸ்' வாட்ஸாப் குழுவிலும் சேர்க்காதீர்கள். 'இங்கிலீஷ் மருந்து விஷம்' என்ற ஃபார்வர்டு அங்கே எப்படியும் வந்து சேரும்.

சாப்பாட்டில் முதல் குறி குடிப்பவை. மருந்தால் நா வறளும். அதற்குச் சர்பத், குளிர்பானம், சாயா என்று போகும். இரண்டு ஸ்பூன் சீனி போட்ட சாயா ஐந்து குடித்தால் சீனியில் மட்டும் 200 கலோரி. கருப்பட்டி போட்டாலும் கணக்கு பெரிதாக மாறாது. சீரக வெள்ளம் (சீரகத் தண்ணீர்), மோர், சீனியில்லாத கட்டன் சாயா என்று மாற்றுங்கள். அடுத்தது இரவு. ஒலான்சபைனை இரவில் போடுபவர் தூங்காமல் விழித்திருந்தால் அடுக்களைக்குப் போவார். 8 மணிக்குச் சாப்பாடு, மாத்திரை, படுக்கை. நேந்திரங்காய் சிப்ஸ் பாக்கெட் வீட்டிலேயே இருக்கக்கூடாது (100 கிராம் 500 கலோரிக்கு மேல்). மரச்சீனியை (மரவள்ளிக் கிழங்கை) கறிபோலச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதுதான் நம்மூரில் எடையின் ரகசியம். மரச்சீனி வைத்த வேளைக்குச் சோறு வேண்டாம். சோறென்றால் ஒரு கப், அதன் மேல் இரண்டு கரண்டி துவரன் (தேங்காய் போட்ட காய்கறிப் பொரியல்), சாளை மீன் குழம்பு. கஞ்சியும் பயறும் நல்ல இரவு உணவு.

நடை 10 நிமிடத்தில் தொடங்கட்டும், வாரம் 5 நிமிடம் கூட்டலாம். நமக்கு ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. திண்ணையில் நடக்கும் மாற்று ஏற்பாடு முன்கூட்டியே இருக்கட்டும். உட்கார முடியாமல் அங்குமிங்கும் நடப்பது உடற்பயிற்சியல்ல. அது மருந்தின் பக்கவிளைவாக இருக்கலாம், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பிசகினால் ஆபத்தாகும் இடங்களும் உண்டு. லித்தியம் எடுப்பவர் திடீரென உப்பைக் குறைத்தாலோ, பட்டினி கிடந்தாலோ, வியர்த்து நீர் வற்றினாலோ ரத்தத்தில் லித்தியம் நச்சளவுக்கு ஏறும். கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் அறிகுறி. குளோசபைனில் மலச்சிக்கல் குடலையே நிறுத்திவிடக்கூடியது. மூன்று நாள் போகவில்லையென்றால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். தண்ணீர் குறைவாகக் குடித்துக்கொண்டு நார்ச்சத்துப் பொடியை அள்ளிப் போட்டால் இன்னும் மோசம். குளோசபைனோ ஒலான்சபைனோ எடுப்பவர் புகைப்பதை நிறுத்தினால் மருந்தளவு மாறலாம் என்பதால் முன்னரே சொல்ல வேண்டும். இருதுருவ நோயுள்ளவர் (மிகை உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வருபவர்) விடியற்காலை மூன்று மணிக்கு உற்சாகமாக நடக்கக் கிளம்பினால் பாராட்டாதீர்கள், தூக்கம் எத்தனை மணி என்று கேளுங்கள். தாகமும் சிறுநீரும் கூடி எடை மளமளவென்று குறைந்தால் அது சர்க்கரை நோயாக இருக்கலாம்.

ஆன்லைனில் விற்கும் 'கார்சீனியா' மாத்திரை வேண்டாம். மீன்குழம்பில் போடும் குடம்புளி தீங்கில்லை. அதன் செறிவான சத்தை மாத்திரையாக எடுத்தவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பும் மேனியாவும் (கட்டுக்கடங்காத மிகை உற்சாகம்) வந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன. பசியடக்கி சிபுட்ரமின் 2011-லேயே இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. 'மூலிகை' லேபிளுக்குள் அது ஒளிந்து வருவதுண்டு.

மனநிலை தடுமாறினால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். எடைத்திட்டம் அங்கே கிடைக்காது.

இரண்டு வாரம் தொடர்ந்து அழைப்பை எடுக்கவில்லையென்றால் சோம்பல் என்று முடிவுகட்டாதீர்கள். முதலில் மாத்திரை ஒழுங்காகப் போகிறதா, தூங்குகிறானா, யாரும் பேசாமலே காதில் குரல் கேட்கிறதா என்று வீட்டிலுள்ளவரிடம் விசாரியுங்கள். மூன்றில் ஒன்று சரியில்லையென்றால் எடைப்பேச்சை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.