கேளுங்க சொல்றோம்: ஓடாநிலைக்கு எப்ப போலாம்?

கேள்வி: லீவுக்கு பசங்கள ஓடாநிலை தீரன் சின்னமலை மணிமண்டபத்துக்கு கூட்டிட்டு போலாம்னு இருக்கோம்ங்க, ஆடி 18 அன்னிக்கே போயிரலாமா, பசங்களுக்கு போரடிக்காதா?
- ஒரு வாசகி, பெருந்துறை

பதில்: தாராளமா போங்க அம்மிணி, ஆனா சின்னப் பசங்கன்னா ஆடி 18 வேண்டாமுங்க, அன்னிக்கு அரசு விழா, அமைச்சர் கலெக்டர் எல்லாம் மாலை போட வருவாங்க, கூட்டத்துல ஒன்னையும் நின்னு பாக்க முடியாது. சாதா நாள்ல காலைல போங்க.

போரடிக்காம இருக்கணும்னா கார்லயே கதைய ஆரம்பிச்சிருங்க. மைசூருக்கு போன வரிப்பணத்த வழியில மறிச்சு வாங்கிட்டு, "சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவுல ஒரு சின்னமலை பறிச்சுகிட்டான்னு போய் சொல்லு"ன்னு தீர்த்தகிரி, அதான் சின்னமலையோட சொந்தப் பேரு, சொன்னதா நம்ம பக்கம் சொல்லுவாங்கல்ல, நீங்க சென்னிமலை வழியாத்தான் ஓடாநிலை பக்கத்துல இருக்கற அரச்சலூர் போவீங்க, அந்த மலைய கைநீட்டி காட்டிட்டே சொன்னா புள்ளைங்க வாய பொளந்துட்டு கேக்கும். அப்பறம் அதே மனுசன் திப்புவோட சேந்து வெள்ளக்காரன எதுத்ததும், 1799ல திப்பு செத்தப்பறம் ஓடாநிலைல கோட்டை கட்டி சண்டை போட்டதும், கம்பெனிக்காரன் பீரங்கி வெச்சு அந்த கோட்டைய தரைமட்டமாக்குனதும் சொல்லுங்க. அதனாலதான் அங்க கோட்டை இல்ல, மண்டபம் இருக்குது, இத மொதல்லயே சொல்லலைன்னா பசங்க கோட்டை எங்கன்னு தேடும்.

திரும்பறப்ப சென்னிமலைல நிறுத்துங்க, கொடிகாத்த குமரன் 1904ல பொறந்த ஊரு. சின்னமலைய 1805ல தூக்குல போட்ட சங்ககிரி கோட்டைக்கு தனியா ஒரு நாள் ஒதுக்குங்க, ஏத்தம் ஜாஸ்தி, தண்ணி பாட்டில் கண்டிப்பா வேணும்.