காரில் ஆம்ப் (பாட்டின் சத்தத்தைப் பெரிதாக்கும் ஆம்ப்ளிஃபையர்) மாட்டியபின் ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் 'ஙொய்ய்' என்று சத்தம் வருகிறதே, ஏன்?

பெரும்பாலும் எர்த் கோளாறுதான், அதாவது நெகட்டிவ் ஒயரை வண்டித் தகட்டில் இணைக்கும் இடத்தில் கோளாறு. ஆம்பையோ, முன்னாலுள்ள மியூசிக் செட்டிலிருந்து ஆம்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ ஒயரையோ அவசரப்பட்டு மாற்றாதீர்கள். நான் ஆர்சிஏ ஒயரை இரண்டு முறை மாற்றிக் காசைக் கரைத்தவன்.

டிக்கியில் நாலு சேனல் ஆம்ப் மாட்டியிருந்தேன். என்ஜின் ஓடாதபோது பாட்டு சுத்தமாக இருக்கும். ஸ்டார்ட் செய்தால் கொசு ரீங்காரம், மிதிக்க மிதிக்க மிக்ஸி மாதிரி சுருதி ஏறும். இப்படி என்ஜினோடு சேர்ந்து ஏறி இறங்கினால் அது ஆல்டர்னேட்டரிலிருந்து (என்ஜினோடு சுற்றி பேட்டரியை சார்ஜ் செய்யும் கருவி) வருவது. அதில் உண்டாவது ஏசி கரன்ட். டையோடுகள் அதை டிசியாக்கினாலும் கொஞ்சம் அலை மிச்சமிருக்கும். நல்ல வண்டியிலும் அது உண்டு. ஸ்பீக்கர் வரை அது எந்த வழியாக வருகிறது என்பதுதான் கேள்வி.

ஆம்பை அணைத்து, ஆர்சிஏ பின்களைப் பிடுங்கிவிட்டு ஆம்பை மட்டும் மறுபடி ஆன் செய்தேன். சத்தம் இல்லை. அப்படியென்றால் அந்த ஒயர் வழியாகத்தான் வருகிறது. முன்னால் செட்டுக்கு ஓர் எர்த், பின்னால் ஆம்புக்கு ஓர் எர்த். இரண்டுக்கும் வோல்டேஜ் வித்தியாசம் இருந்தால், அந்தக் கரன்ட் ஆர்சிஏ ஒயரின் வெளிப்பின்னல் வழியாக ஓடும். ஆம்ப் அதையும் பாட்டென்று நினைத்துப் பெரிதாக்கிவிடும்.

மல்டிமீட்டரை டிசியில் வைத்து, ஒரு முனையை ஆம்பின் எர்த் டெர்மினலிலும், நீள ஒயர் கட்டி மறுமுனையைப் பேட்டரி நெகட்டிவிலும் வைத்தேன். என்ஜின் ஓட, பாட்டு சத்தமாகப் பாட, 0.4 வோல்ட் காட்டியது. 0.1-க்குள் இருந்தால் நல்லது. பார்த்தால், மாட்டிக் கொடுத்தவர் எர்த் ஒயரின் முனையிலுள்ள லக்கைப் பின் சீட் போல்ட்டில், பெயின்டுக்கு மேலேயே முறுக்கியிருக்கிறார்!

பக்கத்தில் வெறும் தகடு பளபளக்கும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தனி போல்ட்டும் பல் வாஷரும் போட்டு இறுக்கி, துருப்பிடிக்காமல் மேலே கிரீஸ் தடவினேன். எர்த் ஒயரையும் பவர் ஒயர் அளவு தடிமனாக, ஒரு முழத்துக்குள் முடியும்படி மாற்றினேன். மீட்டர் 0.05-க்கு இறங்கியது, ரீங்காரம் போய்விட்டது.

கடையில் 'நாய்ஸ் ஃபில்டர்' ஒன்றை நீட்டுவார்கள். மலிவானதைப் போட்டால் சத்தத்தோடு பேஸும் குறையும், எர்த் கோளாறு அப்படியே இருக்கும். எர்த்தைச் சரிசெய்தும் சத்தம் நிற்காவிட்டால், என்ஜின் ஓடும்போது மீட்டரை ஏசியில் வைத்துப் பேட்டரியைப் பாருங்கள். அரை வோல்ட் காட்டினால் ஆல்டர்னேட்டர் டையோடு போயிருக்கலாம், எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

அப்புறம், கை வைத்ததோடு பவர் ஒயரின் ஃபியூஸ் எங்கே என்றும் பாருங்கள். பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்க வேண்டும். எனக்கு ஆம்ப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். நடுவில் ஒயர் தகட்டில் உரசினால் அந்த ஃபியூஸ் எதற்கும் உதவாது, ஒயர்தான் பற்றி எரியும்.

இப்போதும் போனை சார்ஜில் போட்டு ஆக்ஸ் ஒயரில் பாட்டுக் கேட்டால் மட்டும் லேசாக இரைகிறது. அதுவும் எர்த் விவகாரம்தான். நான் சார்ஜரைப் பிடுங்கிவிடுகிறேன், அவ்வளவுதான்.