சட்டம் படிக்கும் மாணவர்கள் கிராமத்தில் இலவச சட்ட உதவி மையம் நடத்தினால் நிஜமாகவே யாருக்காவது பயன் இருக்குமா?

கேட்டவர் சட்டக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறார், சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். நண்பர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஊரில் மாதம் ஒரு முகாம் போடலாம் என்று இருக்கிறார்கள். "எங்களால் கோர்ட்டில் நிற்கக்கூட முடியாதே, கடைசியில் இது சர்டிபிகேட் வாங்குகிற வேலையாகிவிடாதா" என்பது அவர் சந்தேகம்.

ஆகிவிடும், பார்த்து நடத்தாவிட்டால். படிக்கிற காலத்தில் மூன்று வருடம் இப்படி ஒரு மையத்தை நடத்திய கூட்டத்தில் நானும் இருந்தேன், கடைசி வருடம் பொறுப்பும் என் தலையில்தான். இப்போது கும்பகோணத்தில் பிராக்டிஸ் செய்கிறேன். முகாம் போடுவது பெரிய காரியமே இல்லை, ஒரு சனிக்கிழமையும் ஐயாயிரம் ரூபாயும் இருந்தால் யாரும் போடலாம். முகாமில் பார்த்த அதே ஆளை அப்புறம் இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை போய்ப் பார்க்கிறீர்களா என்பதுதான் விஷயம்.

எங்கள் முதல் முகாம் வலங்கைமான் பக்கம் ஒரு கிராமத்தில், கோயில் மண்டபத்தில் நடந்தது. ஃப்ளெக்ஸ், மைக் செட், டீ, பிஸ்கட் எல்லாம் உண்டு. ஒருத்தன் அரசியல் சட்டத்தின் 39ஏ பிரிவைப் பற்றிப் பேசினான் (1976இல் 42ஆவது திருத்தத்தில் வந்தது, காசில்லை என்பதால் யாருக்கும் நீதி கிடைக்காமல் போகக்கூடாது என்று அரசுக்குச் சொல்கிற பிரிவு), இன்னொருத்தி இலவச சட்ட உதவிக்கான 1987ஆம் வருடத்துச் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் பற்றி, நான் பெண்களின் சொத்துரிமை பற்றி. அறுபது பேர் இருப்பார்கள், மரியாதையாக உட்கார்ந்து கேட்டார்கள். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றோம், ஒருவரும் வாய் திறக்கவில்லை. மைக்கைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஒரு பாட்டி வந்து, மடியிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து, "இதுல என்னா போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லு பாப்பா" என்று நீட்டினார்.

வருவாய் நீதிமன்ற நோட்டீஸ். கோயில் நிலம், வீட்டுக்காரர் காலத்திலிருந்து குத்தகை, பாக்கி நிற்கிறது என்று வழக்கு. ஆஜராக வேண்டிய தேதி போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. தபாலில் வந்ததைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாகச் செருகி வைத்திருந்திருக்கிறார். டெல்டாவுக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன், இங்கே குத்தகை வழக்குகள் போவது நாம் சினிமாவில் பார்க்கிற கோர்ட்டுக்கு இல்லை, வருவாய் நீதிமன்றம் என்று தனியாக இருக்கிறது, தனித் துணை ஆட்சியர்தான் அங்கே விசாரிப்பவர். உண்மையைச் சொன்னால், அன்றைக்கு எனக்கே அது சரியாகத் தெரியாது.

நாங்கள் என்ன செய்தோம்? வாதாடவில்லை, முடியாது, 1961ஆம் வருடத்து வழக்கறிஞர்கள் சட்டப்படி பதிவு செய்த வழக்கறிஞர்தான் அதைச் செய்யலாம். வக்காலத்து போட முடியாது, வக்கீல் நோட்டீஸ் அனுப்ப முடியாது, பைசா வாங்கக் கூடாது. பாட்டியைக் கோர்ட் வளாகத்தில் இருக்கும் வட்ட (தாலுகா) சட்டப்பணிகள் குழுவுக்குக் கூட்டிப் போனோம், இலவச வக்கீல் வைத்துத் தருவது அவர்கள்தான். அவர் பெண் என்பதால் அந்த 1987ஆம் வருடத்துச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே கிடையாது (பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள், பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள், இவர்களுக்கும் அப்படித்தான்). விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தோம், பேனல் வக்கீல் (குழுவின் பட்டியலில் இருக்கும் வக்கீல்) ஒருவரை நியமித்தார்கள், பாட்டி ஆஜராகாததால் எக்ஸ்பார்ட்டியாக, அதாவது ஒருதலையாகப் போயிருந்த வழக்கை அவர் மனுப் போட்டுத் திரும்பத் திறந்தார், பாக்கியைத் தவணையில் கட்ட அவகாசம் கிடைத்தது. எங்கள் பங்கு ஒரு காகிதத்தைப் படித்துச் சொன்னதும், நான்கு வாய்தாவுக்குக் கூடப் போய் வராந்தாவில் உட்கார்ந்ததும்தான். ஆனால் அந்த நான்கு தடவையும் யாரும் கூடப் போகாமல் இருந்திருந்தால் பாட்டி இரண்டாவது வாய்தாவோடு நின்றிருப்பார். பேருந்து ஏறி, எந்த அறை என்று கேட்டு, பெயர் கூப்பிடும்வரை சாப்பிடாமல் காத்திருந்து, மதியம் "அடுத்த மாசம் வாங்க" என்று கேட்டுத் திரும்புவது இருக்கிறதே, அதில்தான் பாதிப் பேர் கேஸை விடுகிறார்கள்.

அதற்கப்புறம் ஃப்ளெக்ஸ் அடிப்பதை நிறுத்திவிட்டோம். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, "காகிதம் எதுவாக இருந்தாலும் கொண்டு வாங்க, படிச்சுச் சொல்றோம்" என்று வாய்வழியாகச் சொல்லி வைத்தது, அவ்வளவுதான். கூட்டம் வர ஆரம்பித்தது.

மேசையை எங்கே போடுவது என்பதையும் யோசியுங்கள். கோயில் மண்டபத்தில் போட்டபோது காலனித் தெருவிலிருந்து ஒரு ஆள்கூட வரவில்லை, ஏன் என்று எங்களுக்குப் புரியவே மூன்று மாதம் ஆனது. புரிந்த பிறகு வெட்கமாக இருந்தது. அப்புறம் ரேஷன் கடைக்குப் பக்கத்தில் மாற்றினோம், எல்லாத் தெருக்காரர்களும் வந்து நிற்கிற இடம் அது ஒன்றுதான். நேரமும் அப்படித்தான். நடவு நடக்கும்போது காலை பத்து மணிக்குப் போய் உட்கார்ந்தால் நாய்தான் வந்து பார்க்கும். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் போங்கள்.

அடுத்து கஜா. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் புயல் கரையைக் கடந்தது, நாங்கள் அப்போது செமஸ்டர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தோம். டெல்டாவில் வெள்ளமும் புயலும் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அதாவது சரியாக நம் பரீட்சை சமயத்தில்தான் வரும், இதை முன்கூட்டியே கணக்கில் வையுங்கள். பரீட்சை முடிந்து பட்டுக்கோட்டைப் பக்கம் போனபோது தென்னந்தோப்புகள் சீப்பால் வாரிவிட்ட மாதிரி ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. அரிசி, தார்ப்பாய் எல்லாம் மற்றவர்கள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் பார்த்த சிக்கல் வேறு. மரம் விழுந்தது பேரனுக்கு, பட்டா இருப்பது செத்துப்போன தாத்தா பெயரில். நிவாரணக் கணக்கெடுப்பில் யார் பெயரை எழுதுவது? ஒரே வாரத்தில் இப்படி இருபதுக்கு மேல் பார்த்தோம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பட்டா மாறுதல் என்று மூன்று மாதம் எங்களுக்கு அதே வேலை.

அதில் ஒரு தர்மசங்கடம் உண்டு. வாரிசுச் சான்றுக்கு மனு எழுத உட்கார்ந்தால் அண்ணன் தம்பிகள் தங்கள் பெயரை மட்டும் சொல்வார்கள். "அக்கா தங்கச்சிங்களுக்கு என்னான்னு கேக்குறீங்களா, அதுங்களுக்குத்தான் சீர் செஞ்சு அனுப்பியாச்சே." தமிழ்நாட்டில் 1989லேயே மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று திருத்தம் வந்துவிட்டது (அந்தத் தேதிக்கு முன்னால் கல்யாணம் ஆனவர்கள் அதில் சேர மாட்டார்கள்), 2005இல் மத்திய சட்டமே மாறி அந்த விலக்கும் போய்விட்டது. தாத்தாவோ அப்பாவோ சுயமாகச் சம்பாதித்த சொத்து, உயில் எழுதாமல் இறந்துவிட்டார் என்றால் 1956லிருந்தே மகளுக்குச் சம பங்குதான். இதை எல்லாம் மேடையில் மைக்கில் சொல்வது சுலபம். புயலில் தோப்பைப் பறிகொடுத்துத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற மனுஷனிடம் "உங்க தங்கச்சி பேரைச் சேர்த்தால்தான் எழுதுவேன்" என்று சொல்வது அப்படி இல்லை. ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும், மகளை விட்டுவிட்டு வாங்குகிற வாரிசுச் சான்று பொய்ச் சான்று. இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள், போகட்டும் என்று விட்டோம்.

இதைவிடக் கஷ்டமானது குத்தகைப் பதிவு. டெல்டாவில் சாகுபடி செய்கிறவர்களில் ஏராளமானோர் வாய்வார்த்தைக் குத்தகையில் இருக்கிறார்கள். 1955ஆம் வருடத்துச் சாகுபடி செய்யும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, 1969இல் குத்தகை உரிமையைப் பதிவேட்டில் ஏற்றவும் தனியாகச் சட்டம் வந்தது. பதிவாகிவிட்டால் குத்தகைக்காரரை நிலத்தைவிட்டுக் கிளப்புவது கஷ்டம், அதனால்தான் நிலத்துக்காரர்கள் பதிய விடுவதில்லை. நாங்கள் ஆர்வக்கோளாறில் ஒருவரிடம் "பதிவுக்கு மனுப் போடலாம் அண்ணே, சட்டம் உங்க பக்கம்" என்றோம். அவர் சிரித்துக்கொண்டே, "நீங்க ஆறு மணி பஸ்ல போயிருவீங்க, நான் இங்கனதானே இருக்கணும்" என்றார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. இன்றைக்கும் என்னிடம் முழுசாகப் பதில் கிடையாது. சட்டம் என்ன சொல்கிறது, மனுப் போட்டால் நிலத்துக்காரர் என்ன செய்யக்கூடும், இரண்டையும் சொல்லிவிட்டு முடிவை அவரிடம் விட்டுவிடுவேன். அவர் மனுப் போடவில்லை. பயிர்க் காப்பீட்டுக்கு வி.ஏ.ஓ.விடம் அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் கணக்கு) வாங்கித் தர மட்டும் கேட்டார், அதற்கு அலைந்தோம், கிடைத்தது.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரியவரின் நிலம் யூ.டி.ஆர். சமயத்தில் (நிலப் பதிவேடுகளை எல்லாம் அரசு புதுப்பித்த திட்டம்), 1980களில், பக்கத்துக்காரர் பெயரில் தவறாகப் பட்டா ஏறியிருந்தது. நான் பெரிய புலி மாதிரி தாசில்தாருக்குப் பட்டா மாறுதல் மனு எழுதிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டும் வாங்கிவிட்டேன். ஏழு மாதம் கழித்து, இது சாதாரண மாறுதல் இல்லை, யூ.டி.ஆர். பிழை, எங்கள் மட்டத்தில் திருத்த முடியாது, மேலே போங்கள் என்று திருப்பிவிட்டார்கள். எந்த அலுவலகத்துக்கு எழுதுவது என்று எழுதுவதற்கு முன்பு ஒரு பழைய வக்கீல் குமாஸ்தாவைக் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பார். பெரியவர் திட்டவில்லை, "பரவால்ல பாப்பா, நீயாச்சும் எழுதிக் குடுத்தே" என்றார், திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது. அதிலிருந்து எந்த மனுவும் சீனியர் ஒருவர் கண்ணில் படாமல் மேசையை விட்டுப் போகக் கூடாது என்று வைத்தோம். பார் கவுன்சிலின் 2008 விதிகளே மூத்த ஆசிரியர் ஒருவர் மேற்பார்வையில்தான் சட்ட உதவி மையம் நடக்க வேண்டும் என்கின்றன. அது சம்பிரதாயத்துக்குச் சொன்னது இல்லை என்று எனக்கு ஏழு மாதம் செலவாகித்தான் தெரிந்தது. செலவு என்னுடையதும் இல்லை.

மாணவர்கள் முழுசாகக் கைகொடுக்க முடிகிற ஒரு இடம் சொல்கிறேன். பிள்ளைகள் சோறு போடவில்லை என்று வருகிற வயசானவர்கள். 2007ஆம் வருடத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் ஆர்.டி.ஓ.தான் (வருவாய்க் கோட்டாட்சியர்) தீர்ப்பாயம், அங்கே வக்கீல் வைத்து நடத்த இடமில்லை என்று 17ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே நல்ல தமிழில், தேதிவாரியாக, பழிச்சொல் இல்லாமல் எழுதின இரண்டு பக்க மனுவுக்கு அங்கே மதிப்பு இருக்கிறது. எழுதுவதற்கு முன் ஒருமுறை மகனையோ மருமகளையோ பார்த்துப் பேசுங்கள், பாதி அங்கேயே முடியும். குழுக் கடன் வசூல்காரர்கள் ராத்திரி வாசலில் வந்து உட்கார்ந்துகொள்வதும் அடிக்கடி வரும். இந்த மாதிரி நுண்கடனில் காலை 9க்கு முன்னாலும் மாலை 6க்குப் பின்னாலும் போன் போட்டுத் தொல்லை செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் 2022 விதி இருக்கிறது, அதைத் தமிழில் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாலே அந்த அக்காக்களுக்குப் பேசத் தெம்பு வந்துவிடுகிறது.

கடைசியாக நோட்டு. நீளமான அக்கவுண்ட் நோட்டு ஒன்று வாங்கி, வந்த ஆள், கொண்டு வந்த காகிதம், நாம் சொன்னது, அடுத்து போக வேண்டிய தேதி, நான்கு கட்டம் போடுங்கள். காகிதத்தின் ஒரிஜினலை எக்காரணம் கொண்டும் வாங்கி வைக்காதீர்கள், போட்டோ எடுத்துக்கொண்டு அங்கேயே திருப்பிக் கொடுங்கள். நீங்கள் மூன்று வருடமோ ஐந்து வருடமோ படித்துவிட்டுப் போய்விடுவீர்கள், ஒரு பாகப்பிரிவினை வழக்கு அதைவிட நீளமாக ஓடும். எங்களுக்கு முந்தைய செட் எதையும் எழுதி வைக்கவில்லை, "போன வருஷம் ஒரு தம்பி எழுதிக்கிட்டுப் போச்சே, என்னாச்சு" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லியே எங்கள் முதல் மாதம் போனது. ஒவ்வொரு ஏப்ரலிலும் ஜூனியரைக் கூடவே கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய், "இனிமே இவங்கதான் வருவாங்க" என்று முகத்தைக் காட்டிவிட்டு வாருங்கள். நோட்டை மட்டும் கைமாற்றினால் போதாது.

ஏழெட்டுப் பேர் இருக்கிறீர்கள் என்றால் ஒரே ஒரு ஊர் போதும், மாதம் ஒன்று வேண்டாம், பதினைந்து நாளுக்கு ஒன்று வையுங்கள். முதலில் உங்கள் தாலுகா சட்டப்பணிகள் குழுவுக்குப் போய், கல்லூரி மூலமாக எழுதிக் கொடுத்து, அவர்களுக்குத் தெரிந்தே தொடங்குங்கள், அங்கே பேனல் வக்கீல் யார் யார் என்று முகம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 15100 என்ற இலவச சட்ட உதவி போன் எண்ணை மேசையில் ஒட்டுங்கள். கைநாட்டு வைக்க ஸ்டாம்ப் பேடு, தகவல் உரிமை மனுவுக்குப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு நாலைந்து, கார்பன் பேப்பர் (ஜெராக்ஸ் கடை சனிக்கிழமை சாயங்காலம் பூட்டியிருக்கும், நம்பாதீர்கள்). கும்பகோணம், வலங்கைமான் பக்கமாக ஊரைத் தேர்ந்தெடுத்தால் கமெண்டில் சொல்லுங்கள், மனுக்களைப் பார்த்துத் தருகிறேன். யூ.டி.ஆர். பிழை என்றால் மட்டும் எழுதுவதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.