தோட்டத்துப் பிள்ளைகளை வைத்துக் கலை விழா நடத்தும்போது முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

மலையகத்தில் ஹட்டன் பக்கம் ஐந்தாறு தேயிலைத் தோட்டங்களின் பிள்ளைகளைச் சேர்த்து ஒருநாள் கலை விழா நடத்தப் போகிறோம், எந்த மண்டபம் எடுக்கலாம், எந்தெந்த நிகழ்ச்சிகளைச் சேர்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். மண்டபத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தப்பு என்கிற பறையின் தோலை நெருப்பில் காட்டி இறுக்க, அதாவது தப்புக் காய்ச்ச, எங்கே நெருப்பு மூட்டப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

இதை அனுபவப்பட்டுத்தான் சொல்கிறேன். முதல் வருடம் நாங்களும் டவுனில் ஒரு மண்டபம்தான் எடுத்தோம். நல்ல மேடை, நல்ல லைட். காலையிலிருந்து மழை, மத்தியானம் மூடுபனி. எங்கள் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் தப்போடு காத்திருந்தார்கள். ஈரக்காற்றில் தோல் தளர்ந்துவிட்டது. வெளியே கொஞ்சம் வைக்கோல் கொளுத்திக் காய்ச்சிக்கொள்கிறோம் என்று கேட்டோம். மண்டபத்து வளவுக்குள் நெருப்பு மூட்டவே கூடாது என்றுவிட்டார்கள். அவர்கள் சட்டம் அவர்களுக்கு. ஆனால் மூன்று மாதம் பழகிய பிள்ளைகள் மேடையேறி அடித்தபோது, நனைந்த அட்டைப் பெட்டியைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. கடைசி வரிசையில் நின்ற பையன் அடிப்பதை நிறுத்திவிட்டுத் தப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அடுத்த வருடம் தோட்டத்து மைதானத்தில், கோயிலுக்குப் பக்கத்தில் வைத்தோம். ஒரு மூலையில் நெருப்பு எரிந்துகொண்டே இருந்தது. தப்புக் காய்ச்சுவதைப் பார்க்கவே சின்னப் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். அதுவும் ஒரு நிகழ்ச்சிதான்.

தப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்துக்கு, ஆள் கூப்பிட்டதும் தப்புத்தான். சாமி ஊர்வலத்துக்கு ஒரு அடி, சாவு வீட்டுக்கு வேறு அடி. பெரியவர்கள் தூரத்தில் கேட்டே என்ன காரியம் என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் இதைக் குறிப்பிட்ட சில குடும்பங்களின் வேலை என்று ஒதுக்கி, அதை வைத்தே அவர்களைத் தாழ்த்திப் பேசிய காலமும் நம் லயங்களில் (வரிசை வீடுகளில்) இருந்தது. அது முழுதாகப் போய்விட்டது என்று நான் சொல்லமாட்டேன். ‘சாவுக்கு அடிக்கிறதை எம்பிள்ளை ஏன் மேடையில அடிக்கணும்’ என்று ஒரு தகப்பன் என்னிடம் நேரே கேட்டார். அதனால் எல்லா லயத்துப் பிள்ளைகளையும், ஆண் பெண் பார்க்காமல், ஒன்றாக உட்காரவைத்துப் பழக்குங்கள். பழக்குகிறவர் மட்டும் அதைத் தலைமுறையாகக் காப்பாற்றி வந்த குடும்பத்துப் பெரியவராக இருக்கட்டும். அவருக்குக் கூலி கொடுங்கள். விழாவன்று முன்வரிசையில் பிரமுகர்களோடு நாற்காலி போடுங்கள். அவரைப் பின்னால் நிறுத்திவிட்டு அவருடைய அடியை மட்டும் மேடையேற்றுவதை என்னால் ஏற்கவே முடியாது.

அப்புறம் காமன் கூத்து, மதனும் அவன் மனைவி ரதியும் வருகிற கதை. தமிழ் மொழித் தினப் போட்டிக்குப் பழகிய பிள்ளைகள் வேகமாகக் கற்றுக்கொள்வார்கள். ஆனால் போட்டி நேரத்துக்கு ஏற்ப முழுக் கதையையும் சில நிமிடத்தில் சுருக்கிப் பழகியிருப்பார்கள். மாசியில் இரவு முழுக்க நடக்கிற கூத்தை அப்படிச் சுருக்கினால், சிவன் கண் திறக்க மதன் எரிவது மட்டும்தான் மிஞ்சும். எங்கள் கூத்து மாஸ்டர் ஒரு வழி சொன்னார்: ‘முழுக் கதையும் வேணாம் தம்பி, ஒரு கட்டத்த எடுங்க, அத முழுசா ஆடட்டும்.’ ரதியின் புலம்பலை எடுத்தோம். வழக்கமாக ஆண்கள்தான் ரதி வேடம் கட்டுவார்கள். அந்த வருடம் பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று கட்டியது. நாற்பது நிமிடம். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் சாயங்காலம் சாயங்காலமாகப் பழகிய பாட்டு. பாதியில் கூட்டத்திலிருந்த வயசான பெண்கள் கூடவே பாடத் தொடங்கிவிட்டார்கள். எந்த இடத்தில் இழுக்க வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும் என்று பிள்ளை அவர்களைப் பார்த்துப் பார்த்துப் பாடியது. அதற்கு மேல் ஒரு பயிற்சி எங்களால் கொடுத்திருக்க முடியாது.

பெண் பிள்ளைகளை மேடையேற்றத் தயங்குகிற வீடுகள் இருக்கும். அங்கே மீனாட்சி அம்மாளைப் பற்றிச் சொல்லுங்கள். தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் மனைவியான அவர் 1930களிலேயே தோட்டத் தொழிலாளர் முன்னால் நின்று, அவர்கள் உரிமைக்காகத் தானே கட்டிய பாட்டுகளைப் பாடியவர்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். காமன் கூத்து பலருக்கு நேர்த்திக்கடன். காப்புக் கட்டி விரதம் இருந்து ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். மாசி தவிர வேறு மாதத்தில் வேடம் கட்டமாட்டேன் என்று ஒரு மாஸ்டர் சொன்னால் வற்புறுத்த வேண்டாம். கூத்தைத் தொடங்கும் சடங்கான கம்பம் நடுவதை மேடைக் காட்சியாக்கவும் வேண்டாம். அருச்சுனன் தவமிருக்கும் கதையான அருச்சுனன் தபசு கூத்தைச் சேர்ப்பதாக இருந்தால் பாட்டை மட்டும் எடுங்கள். உயரமான கம்பத்தில் ஏறிப் பாடுவது பெரியவர்கள் செய்கிற காரியம், பிள்ளைகளை ஏற்றவே கூடாது.

சினிமாப் பாட்டு நடனத்தைத் தடுக்காதீர்கள். பிள்ளைகளுக்கு ஆசை, ஆடட்டும். அதில் சேர்ந்த பிள்ளைகள்தான் அடுத்த வருடம் கூத்துக்கும் வந்தார்கள். முதலாம் இரண்டாம் இடப் பரிசும் தேவையில்லை என்பது என் கருத்து. போட்டி மேடை பள்ளிக்கூடத்தில் போதுமான அளவு இருக்கிறது.

2023இல் நம் மக்கள் இந்தியாவிலிருந்து வந்து 200 வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அதற்குப் பிறகு எங்கள் பிள்ளைகள் தாங்களாகவே பாட்டிமாரிடம் போய்ப் பாட்டுக் கேட்கத் தொடங்கினார்கள். மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை அந்தக் காலத்தில் நம் மக்களின் பாட்டுகளைச் சேகரித்து அச்சில் ஏற்றாமல் இருந்திருந்தால் பல பாட்டுகள் போயே போயிருக்கும். உங்கள் விழாவுக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டிலிருந்து ஒரு தாலாட்டோ ஒப்பாரியோ கொழுந்து மலைப் பாட்டோ கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும். மேடையில் பாடாவிட்டாலும் பரவாயில்லை, கொப்பியில் இருக்கட்டும்.

நாள் குறிப்பதைப் பற்றி: மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன் பக்கம் தென்மேல் பருவமழை, வேண்டவே வேண்டாம். பெப்ரவரி கடைசி, மார்ச் நல்லது, மாசியும் சேர்ந்து வரும். ஞாயிற்றுக்கிழமை என்றால், கைக்காசுக்கு, அதாவது அன்றைக்கே கையில் கிடைக்கும் கூலிக்கு, கொழுந்து எடுக்கப் போகிற தாய்மார் மத்தியானத்துக்குப் பிறகுதான் வரமுடியும். அவர்கள் இல்லாமல் தொடங்க வேண்டாம். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று ஒவ்வொரு தோட்டத்துக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். பஸ் போகாத மேற்பிரிவுப் பிள்ளைகளுக்கு வேனோ லொறியோ பேசிவையுங்கள். எங்கள் செலவில் பாதி அதற்குத்தான் போனது, மேடை அலங்காரத்தைக் குறைத்துத்தான் சமாளித்தோம்.

தேதி முடிவானதும் இங்கேயே எழுதுங்கள். எங்கள் தோட்டத்திலிருந்து எட்டுப் பிள்ளைகள் வரத் தயார், மாஸ்டரும் வருவார். தப்பை நாங்களே கொண்டுவருவோம். கொஞ்சம் காய்ந்த விறகும் வைக்கோலும் மட்டும் நனையாமல் எடுத்துவையுங்கள்.