பழைய கலர் டிவியில் நல்ல படம் வரவழைக்க: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பிக்சர் டியூப் வைத்த பழைய கலர் டிவிகளைப் பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ‘டிவி கெட்டுவிட்டதா?’ என்றே முடிகின்றன. பெரும்பாலும் கெட்டிருப்பதில்லை. தவறான சாக்கெட், தவறான சிஸ்டம், தவறான வரிசையில் செய்த டியூனிங் ஆகியவையே காரணமாக இருக்கின்றன. ‘டியூப் போய்விட்டது’ என்று யாராவது சொன்னதும் பழைய இரும்புக் கடைக்குத் தூக்கிவிடாதீர்கள். முதலில் இவற்றைச் சரிபாருங்கள்.

பரணில் பல ஆண்டுகளாகக் கிடந்த 21 அங்குல கலர் டிவியை இறக்கியிருக்கிறோம். அப்படியே பிளக்கைச் சொருகிப் போடலாமா?
— தென்காசி வாசகர்

வேண்டாம். முதலில் மின்கம்பியைத் தொடக்கம் முதல் கடைசிவரை விரலால் தடவிப் பாருங்கள். எலி கடித்த இடமும், வளைத்தால் வெடிக்கிற ரப்பரும் இருந்தால் கம்பியை மாற்றியாக வேண்டும். பின்மூடியில் உள்ள காற்றுத் துளைகள் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். கரப்பான் முட்டை, எறும்பு மண், பல்லி எச்சம் எல்லாம் உள்ளே குடியிருக்கும். இவை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். உயர் மின்னழுத்தம் ஓடும் இடத்தில் ஈரமும் தூசும் சேர்ந்தால் ‘சர்ர்’ என்ற சத்தத்தோடு பொறி பறக்கும். ஆகவே சில நாள் காற்றோட்டமான அறையில் வையுங்கள். நேர் வெயிலில் வைக்காதீர்கள்.

அடுத்து ஒரு மெக்கானிக்கை அழைத்து உள்ளே தூசு தட்டச் சொல்லுங்கள். பழக்கமுள்ளவர் முதல்முறை நேரடியாக மின்சாரம் கொடுக்கமாட்டார். ஒரு குண்டு பல்பைச் சீரிஸில் போட்டுத்தான் கொடுப்பார். பல்பு ஒருமுறை பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்று எரிந்தால் பவர் சப்ளையில் எங்கோ ஷார்ட் என்று பொருள். டிவிக்கு மேற்கொண்டு சேதம் வராமல் அந்த பல்பே காப்பாற்றிவிடும். படம் வந்த பிறகும் முதல் ஒரு மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள். கருகிய வாடை வந்தால் உடனே பிளக்கைப் பிடுங்குங்கள்.

தூக்கும்போது ஒன்றை மறக்க வேண்டாம். எடை முழுவதும் கண்ணாடித் திரை இருக்கும் பக்கம்தான். திரை உங்கள் நெஞ்சைப் பார்க்கும்படி, இரண்டு பேராகத் தூக்குங்கள்.

மாடியில் பழைய மீன்முள் ஆன்டெனா நன்றாகவே இருக்கிறது. புது வயர் போட்டும் தூர்தர்ஷன் வரவில்லை, வெறும் புள்ளிகள்தான். ஆன்டெனாவைத் திருப்ப வேண்டுமா?
— இராமநாதபுரம் வாசகர்

எந்தப் பக்கம் திருப்பினாலும் வராது. உங்கள் டிவிக்குப் புரிகிற அனலாக் ஒளிபரப்பைத் தூர்தர்ஷன் படிப்படியாகக் குறைத்து, 2022-க்குள் ஒருசில இடங்களைத் தவிர நாடு முழுவதும் நிறுத்திவிட்டது. கேபிளும் டிஜிட்டலுக்கு மாறிவிட்டது. கோளாறு ஆன்டெனாவிலும் இல்லை, டிவியிலும் இல்லை.

மாதச் சந்தா இல்லாமல் பார்க்க நினைத்தால் டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது. 93.5 டிகிரி கிழக்கில் உள்ள ஜிசாட்-15 செயற்கைக்கோளை நோக்கிச் சிறிய டிஷ் ஒன்றும், ஒரு செட்-டாப் பாக்ஸும் போதும். வாங்கும்போது பாக்ஸின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று துளைகள் இருக்க வேண்டும், அல்லது ‘ஏ.வி.’ என்று எழுதிய ஒற்றைத் துளையாவது இருக்க வேண்டும். ஹெச்.டி.எம்.ஐ. துளை மட்டும் இருக்கும் பாக்ஸ் உங்கள் டிவிக்கு நேரடியாக உதவாது.

உங்கள் ஊரில் அந்த ஆன்டெனாவுக்கு ஒரு தனி வரலாறே உண்டு. தூர்தர்ஷனின் கொடைக்கானல் ஒளிபரப்புக் கோபுரம் வருவதற்கு முன், 1982 பிப்ரவரியில் ஒளிபரப்பைத் தொடங்கிய இலங்கையின் ரூபவாகினியைத்தான் தென் கடலோர ஊர்களில் பலர் உயரமான குழாய்க் கம்பம் நட்டுப் பார்த்தார்கள். இந்தியாவில் கலர் ஒளிபரப்பு வந்ததும் அதே 1982-இல்தான், டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி. கம்பம் துருப்பிடித்து ஆடாமல் உறுதியாக இருந்தால், டிஷ்ஷைப் பொருத்த அதையே பயன்படுத்திக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டு டிவியில் மஞ்சள், வெள்ளைத் துளைகளே இல்லை. ஆன்டெனா துளை மட்டும்தான். முன்பக்கம் சின்னக் கதவைத் திறந்தால் வரிசையாகப் பல் சக்கரங்கள் இருக்கின்றன. இதில் செட்-டாப் பாக்ஸை இணைக்க வழி உண்டா?
— கும்பகோணம் வாசகர்

உண்டு. இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த வகை டிவியில் கையால் டியூன் செய்யத் தெரிந்தவர்கள் இப்போது குறைந்துவிட்டார்கள்.

உங்கள் பாக்ஸில் ‘ஆர்.எஃப். அவுட்’ துளை இருந்தால் அதிலிருந்து ஒரு கோஆக்சியல் கேபிளை டிவியின் ஆன்டெனா துளைக்குக் கொடுங்கள். இல்லையென்றால் ஆர்.எஃப். மாடுலேட்டர் என்ற சிறு பெட்டி தேவை. பாக்ஸின் மஞ்சள், வெள்ளை இணைப்புகளை அது வாங்கிக்கொண்டு ஆன்டெனா சிக்னலாக மாற்றித் தரும். வாங்கும்போது ‘பால் பி/ஜி’ (பி.ஏ.எல்., நம் நாட்டு டிவி முறை) என்று கேட்டு வாங்குங்கள். அமெரிக்க முறைக்குச் செய்த மாடுலேட்டரில் படத்துக்கும் ஒலிக்கும் உள்ள இடைவெளி 4.5 மெகாஹெர்ட்ஸ். நம் டிவி எதிர்பார்ப்பது 5.5. அதை மாட்டினால் படம் வரும், பேச்சு வராது. குறை டிவியில் இருப்பதாக நினைத்து வீணாக அலைவீர்கள்.

இனி டியூனிங். பாக்ஸை ஓடவிட்டு, செய்தி அலைவரிசை ஒன்றை வையுங்கள். அடியில் எழுத்து ஓடுவதால் கூர்மையைப் பார்க்க அது வசதி. டிவியில் ஏதாவது ஒரு எண் பொத்தானை அழுத்துங்கள். கதவுக்குள் ‘ஏ.எஃப்.டி.’ என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதை முதலில் அணைத்துவிடுங்கள். அணைக்காமல் டியூன் செய்தால் டிவி தானாகவே சிக்னலை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், சரியான இடம் எது என்று உங்களுக்குத் தெரியாது. அந்த எண்ணுக்கு நேரே உள்ள பேண்ட் சுவிட்சை, மாடுலேட்டர் 3 அல்லது 4 ஆம் சேனலில் வேலை செய்தால் வி.எல். பக்கமும், 21-க்கு மேல் என்றால் யு பக்கமும் தள்ளுங்கள்.

இப்போது பல் சக்கரத்தை மெதுவாக, மிக மெதுவாகத் திருப்புங்கள். புள்ளிகளுக்கு நடுவே முதலில் சாய்ந்த கோடுகள் தெரியும், பிறகு நிறமில்லாத படம், அடுத்து நிறம். நிறம் வந்ததும் நின்றுவிடாமல் இன்னும் கொஞ்சம் திருப்புங்கள். படம் மேலும் கூர்மையாகும். பிறகு பேச்சுக்கு ஏற்றபடி படத்தில் கோடுகள் நெளியத் தொடங்கும். அங்கே நிறுத்தி, கோடு மறையும்வரை மயிரிழை பின்னால் வாருங்கள். அதுதான் சரியான இடம். இப்போது ஏ.எஃப்.டி. சுவிட்சைப் போடுங்கள். படம் அசையாமல் நின்றால் வேலை முடிந்தது. சுவிட்சைப் போட்டதும் நிறம் போய்விட்டால் இன்னும் சரியான புள்ளிக்கு வரவில்லை. மறுபடி அணைத்துவிட்டுத் திருப்புங்கள்.

படம் தெளிவாக வருகிறது, ஆனால் பேச்சுக்குப் பதில் ‘உஸ்’ என்ற இரைச்சல்.
— விருதுநகர் வாசகர்

மெனுவில் ஒலிக்கான சிஸ்டம் ‘ஐ’ என்றோ ‘டி/கே’ என்றோ மாறியிருக்கும். ‘பி/ஜி’ வையுங்கள்.

ஹெச்.டி.எம்.ஐ.யை ஏ.வி.யாக மாற்றும் சிறு பெட்டி வாங்கினேன். படம் கறுப்பு வெள்ளையாக வருகிறது. இன்னொரு பாக்ஸில் மஞ்சள் பின்னைச் சொருகினால் படமே இல்லை.
— சேலம் வாசகர்

முதலாவது, கன்வெர்ட்டரின் பக்கவாட்டில் பால், என்.டி.எஸ்.சி. என்று குறித்த ஒரு சின்னத் தள்ளு சுவிட்ச் இருக்கும். அது அமெரிக்க முறையான என்.டி.எஸ்.சி.யில் நின்றால், நம் ஊருக்காகச் செய்த டிவி நிறத்தைப் படிக்காது. பால் பக்கம் தள்ளுங்கள். கூடவே வரும் யு.எஸ்.பி. வயரில் 5 வோல்ட் கொடுக்கத் தவறாதீர்கள். அது இல்லாமல் படம் விட்டு விட்டு வரும்.

இரண்டாவதற்கு எளிய தீர்வு இருக்கிறது. ஒற்றைத் துளையில் சொருகி மூன்று பின்னாகப் பிரியும் ஏ.வி. கேபிள்களில் உள்ளிணைப்பு எல்லாருக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. சிவப்பு பின்னையும் வெள்ளை பின்னையும் மாறி மாறி டிவியின் மஞ்சள் துளையில் சொருகிப் பாருங்கள். எதிலாவது படம் வரும். நிறத்தைப் பார்த்து மனம் குழம்ப வேண்டாம், படம் வருகிற பின்தான் வீடியோ பின்.

திரையின் ஒரு மூலையில் பச்சையும் ஊதாவுமாகத் திட்டு. மெக்கானிக் டியூப் மாற்ற வேண்டும் என்கிறார்.
— ஈரோடு வாசகர்

பொறுங்கள். டியூபை மாற்றுவது கடைசி வேலை. திரைக்குப் பின்னால் லட்சக்கணக்கான நுண்துளைகள் கொண்ட மெல்லிய இரும்புத் தகடு இருக்கிறது. சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று கதிர்களும் அதன் வழியாகச் சென்று தத்தம் நிறப் புள்ளியில் விழ வேண்டும். அந்தத் தகட்டில் காந்தம் ஏறிவிட்டால் கதிர் விலகி அடுத்த நிறத்தின் மேல் விழுகிறது. பக்கத்தில் பெரிய ஸ்பீக்கர் வைத்திருக்கிறீர்களா? குழந்தைகள் திரையில் காந்தம் வைத்து விளையாடினார்களா? டிவியை வேறு திசை பார்த்து நகர்த்தி வைத்தீர்களா? இவற்றில் ஏதோ ஒன்று நடந்திருக்கும்.

இதை நீக்கும் ஏற்பாடு டிவிக்குள்ளேயே இருக்கிறது. டியூபைச் சுற்றிக் கட்டியிருக்கும் டிகாஸ் சுருளில், மெயின் சுவிட்சைப் போட்டவுடன் சில நொடிகள் பலமான மின்சாரம் ஓடிப் படிப்படியாக அடங்கும். ‘டொம்’ என்று ஓர் ஓசை கேட்குமே, அது இதுதான். ஆனால் பல மாடல்களில் ரிமோட்டில் அணைத்துப் போட்டால் இந்தச் சுருள் வேலை செய்யாது. வீட்டில் எல்லாரும் ரிமோட்டிலேயே அணைப்பதால் திட்டு மாதக்கணக்கில் அப்படியே நிற்கிறது.

ஸ்பீக்கரைத் தள்ளி வையுங்கள். மெயின் சுவிட்சை அணைத்து அரை மணி நேரம் விடுங்கள். அந்தச் சுருளோடு இருக்கும் தெர்மிஸ்டர், அதாவது சூடேறியதும் மின்சாரத்தைக் குறைக்கும் பாகம், முழுதாக ஆறினால்தான் மறுபடி வேலை செய்யும். பிறகு போடுங்கள். ஒருமுறையில் போகாவிட்டாலும் சில முறை செய்தால் குறையும். அப்போதும் நின்றால், வெளியிலிருந்து காட்டும் டிகாஸ் சுருள் வைத்திருக்கும் மெக்கானிக்கைத் தேடுங்கள். ‘டொம்’ ஓசையே கேட்கவில்லை என்றால் தெர்மிஸ்டர் போயிருக்கலாம். அது விலை குறைந்த சின்ன உதிரிபாகம். இதையெல்லாம் பார்க்காமல் டியூபில் கைவைக்கச் சொல்கிறவரிடம் டிவியைக் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

முகம் எல்லாம் செக்கச்செவேல் என்று தெரிகிறது. ‘டின்ட்’ என்பதைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தேன், ஒரு மாற்றமும் இல்லை.
— மதுரை வாசகி

டின்ட் வேலை செய்யாததில் தவறில்லை. நாம் பயன்படுத்தும் பால் முறையை வடிவமைத்தவர் ஜெர்மனியின் டெலிஃபுங்கன் நிறுவனத்தைச் சேர்ந்த வால்டர் புரூக். ஒரு கோடு விட்டு ஒரு கோட்டில் நிற சிக்னலின் ஒரு பகுதியைத் தலைகீழாக்கி அனுப்புவதால், வழியில் ஏற்படும் நிறப் பிழை ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகிறது. அதனால் டின்ட்டுக்கே இங்கு வேலையில்லை. என்.டி.எஸ்.சி. படத்துக்குத்தான் அது தேவை.

உங்கள் டிவியில் கலர் அளவு அதிகம். அதை மட்டும் குறைத்தால் போதாது, எல்லாவற்றையும் ஒரு வரிசையில் செய்ய வேண்டும். மாலையில், நீங்கள் வழக்கமாக டிவி பார்க்கும் அதே விளக்கு வெளிச்சத்தில் உட்காருங்கள். முதலில் கலரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து கறுப்பு வெள்ளைப் படமாக்குங்கள். கான்ட்ராஸ்டைப் பாதியில் வையுங்கள். பிரைட்னஸைச் சரிசெய்யச் செய்தி வாசிப்பவரின் தலைமுடியைப் பாருங்கள். முடி ஒரே கரிக்கட்டியாகத் தெரிந்தால் பிரைட்னஸ் குறைவு, சாம்பல் பூத்துத் தெரிந்தால் அதிகம். இழை இழையாகப் பிரிந்தும் கறுப்பாகவும் தெரிகிற இடமே சரி. அடுத்து, வெள்ளைச் சட்டையின் மடிப்பு மறையாத அளவுக்குக் கான்ட்ராஸ்டைக் கூட்டுங்கள். கறுப்பு வெள்ளையில் படம் நிறைவாக இருக்கிறது என்று தோன்றிய பிறகே கலரைத் தொடுங்கள். கன்னத்தில் தோல் நிறம் வந்ததும் நிறுத்துங்கள். சேலையின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். சேலை எந்த நிறமாகவும் இருக்கலாம், முகம் அப்படியல்ல. ஷார்ப்னஸ் பாதிக்குக் கீழேயே இருக்கட்டும். கூட்டினால் எழுத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு கட்டும்.

கான்ட்ராஸ்ட், பிரைட்னஸ் இரண்டையும் முழு அளவில் வைத்துப் பார்ப்பது டியூபின் ஆயுளைக் குறைக்கும். இப்போது மாற்று டியூப் கிடைப்பது அரிது.

எல்லாரும் ஒல்லியாக, நீளமாகத் தெரிகிறார்கள்.
— புதுச்சேரி வாசகர்

செட்-டாப் பாக்ஸ் மெனுவில் திரை அளவு 16:9 என்று இருக்கும். 4:3 என்று மாற்றி, லெட்டர்பாக்ஸ் தேர்ந்தெடுங்கள். மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும், உருவம் சரியாகிவிடும்.

ஒலி நன்றாகக் கேட்கிறது. திரையின் நடுவில் குறுக்காக ஒரே ஒரு வெள்ளைக் கோடு. நானே பின்மூடியைக் கழற்றிப் பார்க்கலாமா? எலக்ட்ரானிக்ஸில் ஆர்வம் உண்டு.
— திருச்சி மாணவர்

முதலில் டிவியை அணைத்துவிடுங்கள். அந்தக் கோடு அப்படியே நின்று எரிந்தால் திரையின் உட்புறத்தில் ஒளிரும் பாஸ்பர் பூச்சு கருகி, பிற்பாடு பழுது பார்த்தாலும் தழும்பு போகாது. படத்தை மேலும் கீழுமாக விரிக்கும் வெர்டிகல் பகுதியில் கோளாறு. பெரும்பாலும் அந்த ஐசியின் கால்களில் ‘டிரை சோல்டர்’, அதாவது ஈயப் பற்றைச் சுற்றி மயிரிழை வளையமாக விரிசல் விட்டிருக்கும். தெரிந்தவர் கையில் சிறிய வேலைதான்.

ஆனால் மூடியை நீங்கள் கழற்ற வேண்டாம். கலர் டியூபின் தலைப்பக்கம் ரப்பர் மூடி போட்டிருக்கும் சிவப்பு வயரில் 20,000 வோல்ட்டுக்கும் மேல் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபில் மின்னேற்றம் நின்றிருக்கலாம். டியூபின் கழுத்தில் கை பட்டு உடைந்தால் போனது போனதுதான். ஆர்வம் இருப்பதால் சொல்கிறேன்: பிக்சர் டியூப் வேலையில் பல ஆண்டு ஊறிய மெக்கானிக் ஒருவரிடம் டிவியை எடுத்துச் சென்று, அவர் டியூபிலிருந்து மின்னேற்றத்தை இறக்குவதையும், போர்டைத் திருப்பி லென்ஸ் வைத்து விரிசலைத் தேடுவதையும் பக்கத்தில் நின்று பாருங்கள். அனுமதி கேட்டால் பெரும்பாலானவர்கள் மறுக்கமாட்டார்கள்.